எச்சரிக்கை எங்கள் கால்களுக்கு மட்டும்தானா? கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோலாலம்பூர் மாநகர் மன்றத்தாருக்கும் சுற்றுச்சூழல் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் செந்தூலில் குடியிருப்பவன். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் உள்ள ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மழை இல்லாத நாள்களில் மிதிவண்டியில் வேலைக்குப் போய்வருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வண்டியின் பூட்டைத் திறப்பதற்கு முன் கைப்பேசியில் ஐபியூ என்று நாம் சொல்லும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்ப்பதும் அதே அளவுக்குப் பழகிவிட்டது. எங்கள் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பது பத்து மூடா நிலையம். அங்கே எண் 100ஐத் தாண்டிவிட்டால், வெளிப்புற நடவடிக்கைகளைக் குறைத்துக்கொள்ளுமாறு அறிவுரை வரும். அந்த அறிவுரையை நான் மதிக்கிறேன். அது இல்லாத காலத்துப் புகைமூட்டத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அறிவுரை நடந்து போகிறவரையும் மிதிவண்டியில் போகிறவரையும் மட்டும் பார்த்துப் பேசுகிறது, அதே சாலையில் அதே நேரத்தில் புகை கக்கிக்கொண்டு போகும் எவரையும் பார்த்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

நான் நேரில் கண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஐபியூ 100ஐத் தாண்டிய நாள்களில் ஒன்று. என் அக்காள் மகன் அப்போது நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தான். ஆஸ்துமா உள்ள பிள்ளை. வழக்கமாக இரண்டு நண்பர்களோடு பத்து நிமிடம் நடந்தே வீடு வந்துவிடுவான். அன்று அக்காள் பயந்துபோய், அவனை அழைத்துவரும்படி என்னிடம் சொன்னார். மதியம் ஒரு மணிக்கு நான் பள்ளி வாசலில் நின்றேன். எண் 100ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும் என்ற கல்வி அமைச்சின் விதிப்படி அன்றைய திடல் பயிற்சியைப் பள்ளி ரத்து செய்திருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே இருந்த குறுகிய சாலையின் இரு பக்கமும் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வழக்கமாக நடந்து போகும் பிள்ளைகளையும் அன்று பெற்றோர் காரில் அழைத்துப்போக வந்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தேன்: 43 கார்கள். புகைக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிர்சாதனம் ஓட வேண்டும் என்பதற்காக ஏறக்குறைய எல்லாருமே இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார்கள். அந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவில், புகைக்குழாய்களின் உயரத்தில் முகம் இருக்கும் சின்னப் பிள்ளைகள் நடந்து வந்தார்கள். என் அக்காள் மகனுடைய முகக்கவரியின் காது வார் அறுந்திருந்தது. அவன் அதைக் கையால் மூக்கோடு அழுத்திப் பிடித்தபடி வந்தான். வாசலைத் தாண்டி இருபது அடி வருவதற்குள் பையைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு மருந்துக் குப்பியைத் தேடி எடுத்தான்.

அங்கே யாரும் தவறு செய்யவில்லை. பள்ளி விதியைக் கடைப்பிடித்தது; பெற்றோர் பிள்ளையைக் காக்க நினைத்தார்கள்; துறையின் எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்தது. எல்லாம் சரியாக நடந்த ஒரு நாளில், அந்தத் தெருவில் பிள்ளைகள் சுவாசித்த காற்று வேறெந்த நாளையும்விட மோசமாக இருந்தது.

எச்சரிக்கைகளால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. கனடாவின் டொரோண்டோ நகரத்தை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாள்களில் ஆஸ்துமா காரணமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததாகக் கண்டது. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது சிறிய செய்தி அல்ல. ஆனால் ஆஸ்துமாவைத் தாண்டி, உயிரிழப்புகளில் அப்படியொரு குறைவை அதே ஆய்வால் காண முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்த ஆய்வு நேரடியாக என்னைப் போன்றவர்களைப் பற்றியது: எச்சரிக்கை வந்த நாள்களில் அங்கே மிதிவண்டிப் பயணங்கள் 14 முதல் 35 விழுக்காடு வரை குறைந்தன. ஆக, மக்கள் எச்சரிக்கைக்குக் காது கொடுக்கிறார்கள், வண்டியை வீட்டில் விடுகிறார்கள். விட்ட பிறகு எதில் ஏறுகிறார்கள் என்ற கேள்விக்குத்தான் நம் நகரத்தின் எச்சரிக்கையில் இடமே இல்லை.

என் கடையில் எனக்குத் தெரிந்த பதில் இது. எங்களோடு வேலை செய்யும் இளைஞர் ஒருவரும் மிதிவண்டியில் வருபவர்தான். ஐபியூ ஏறிய நாள்களில் அவர் தம் அண்ணனின் பழைய கப்பச்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளை எடுத்துவருவார். முன்பு புகை விடாமல் வந்தவர், காற்று மோசமான நாளில் புகை விட்டுக்கொண்டு வருகிறார். மோட்டார் சைக்கிளில் வந்தாலும் அவர் மூச்சு விடுவது அதே காற்றைத்தான். ரயிலில் வரலாமே என்று கேட்டேன். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்க வேண்டிய 20 நிமிடத்தை அவர் சொன்னார். அந்த நடையைத்தானே குறைக்கச் சொல்கிறார்கள் என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் நடந்த இன்னோர் ஆய்வு நம் நிலைமைக்கு மிகவும் பொருந்துகிறது. புகை எச்சரிக்கை வந்த முதல் நாளில் அங்குள்ள விலங்குத் தோட்டத்துக்கும் வானாய்வுக் கூடத்துக்கும் போகிறவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். எச்சரிக்கை இரண்டாம் நாளும் தொடர்ந்தபோது அந்தக் குறைவு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஒரு நாள் ஒத்திப்போடலாம், இரண்டாம் நாளும் வீட்டில் அடைந்து கிடக்க மனம் ஒப்பாது. நமக்கு வரும் புகைமூட்டமோ ஒரு நாளில் போவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மட்கிய தாவரங்கள் படிந்த கரி நிலங்கள் எரியத் தொடங்கினால், மழை வந்து அணைக்கும் வரை வாரக்கணக்கில் நீளும். 1997, 2005, 2013, 2015, 2019 என்று அந்த ஆண்டுகளை என் வயதுக்காரர்கள் வரிசையாகச் சொல்வார்கள். 2005 ஆகஸ்டில் கோலக்கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரில் அது 700ஐயும் தாண்டியது. 2015 அக்டோபர் 4ஆம் தேதி நடக்க வேண்டிய கோலாலம்பூர் மராத்தான் ஓட்டம் புகைமூட்டத்தால் ரத்து செய்யப்பட்டது. மராத்தானை ரத்து செய்யலாம். எங்கள் அடுக்குமாடியில், விடியற்காலை ஐந்து மணிக்கு அலுவலகங்களைத் துடைக்க எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் அக்காவின் நடையை யார் ரத்து செய்வது?

எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிய முடிந்தவர்கள் ஒரு பக்கம், முடியாதவர்கள் மறுபக்கம். தித்திவங்சா ஏரிப் பூங்காவில் காலை நடை போகும் ஓய்வுபெற்றவர்கள் அன்று வீட்டிலேயே இருந்துவிடலாம். அவர்கள் இருக்கத்தான் வேண்டும். தெருக்கூட்டும் பணியாளர், உணவு கொண்டுவரும் இளைஞர், பேருந்துக்காக நடக்கும் முதியவர், இரவுக் காவல் முடித்து வீடு திரும்புபவர் இவர்களுக்கெல்லாம் அந்த அறிவுரை கேட்டும் பயன்படாத சொல். அவர்களுக்கு வேண்டியது, அவர்கள் நடக்கும் அந்த 20 நிமிடத்தில் காற்று கொஞ்சமாவது சுத்தமாக இருப்பது. அதை அவர்களால் செய்துகொள்ள முடியாது, உங்களால் முடியும்.

இப்போது அந்த எண்ணைப் பற்றி. சுற்றுச்சூழல் துறை தன் நிலையங்களின் அளவுகளை மணிதோறும் வெளியிடுவது பெரிய சேவை. 2018இல் இரண்டரை மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களையும் குறியீட்டில் சேர்த்தது அதைவிடப் பெரிய முன்னேற்றம். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இந்தத் துகள்கள்தான் நுரையீரலின் அடிவரை இறங்குகின்றன. ஆனால் மணிதோறும் எண் மாறினாலும், அந்தத் துகளுக்கான கணக்கு கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. நேற்று மாலை புகை சூழ்ந்து, இன்று காலை ஒரு மழை அடித்துக் காற்று தெளிந்திருந்தாலும் எண் மெதுவாகத்தான் இறங்கும். அதுபோலவே, தெளிந்த நாளின் இரவில் புகை திடீரென இறங்கினால், காலையில் நான் வண்டியை எடுக்கும்போது எண் இன்னும் மிதம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். நாள் முழுவதும் உடம்பு எவ்வளவு தாங்கியது என்று அறிய அந்தச் சராசரி சரியான அளவு. அடுத்த அரைமணி நேரம் மிதிவண்டி மிதிக்கலாமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை.

எங்கள் வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது. நடைவழியில் நின்றால் இரட்டைக் கோபுரம் தெரியும். என் அம்மா கைப்பேசியைப் பார்ப்பதில்லை. காலையில் காப்பிக் குவளையோடு நடைவழிக்கு வந்து, கோபுரத்தின் இரண்டு கூர்முனைகளும் தெளிவாகத் தெரிந்தால் “போய்ட்டு வாப்பா” என்பார், முனைகள் மங்கியிருந்தால் “இன்னைக்கு ரயில்ல போ” என்பார், கோபுரமே தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்துவார். அந்த நொடியின் காற்றை அறிய எங்கள் மாடியில் பலருக்கும் அந்தக் கோபுரமே அளவுகோலாக இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் அந்தத் துகள்கள் தீங்கு செய்யும் என்பதால், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் 24 மணி நேரக் குறியீட்டோடு, நுண்துகளின் ஒரு மணி நேர அளவையும் தனியாக வெளியிட்டு, இப்போதே வெளியே போகலாமா என்று தீர்மானிக்க அந்த ஒரு மணி அளவைப் பாருங்கள் என்று மக்களுக்குச் சொல்கிறார்கள். அந்த அளவை நான்கு படிகளாகப் பிரித்தும் காட்டுகிறார்கள். நம்மிடமும் கருவிகள் மணிதோறும் அளந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த ஒரு மணி அளவை ஐபியூவுக்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், நடப்பவருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் புரியும்படி வெளியிடுங்கள் என்பது சுற்றுச்சூழல் துறையிடம் என் முதல் வேண்டுகோள். வெளிநாட்டுச் செயலிகள் வேறொரு கணக்கு முறையில் வேறோர் எண்ணைக் காட்டுவதால் குழம்பி நிற்கும் மக்களுக்கும் அது உதவும். அந்த அறிவிப்பு தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் காலை வானொலிச் செய்தியில் ஒலித்தால், கைப்பேசி பார்க்காத என் அம்மாவைப் போன்றவர்களையும் அது போய்ச் சேரும்.

இன்னொரு குறையும் உண்டு. ஏறத்தாழ 243 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, 20 இலட்சம் பேர் அளவில் வாழும் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்துக்கு ஐபியூ எண் தருபவை பத்து மூடா, செராஸ் ஆகிய இரண்டு நிலையங்கள். அந்த வட்டாரத்தின் பொதுவான காற்றை அளப்பதுதான் அவற்றின் வேலை. அதை அவை நன்றாகச் செய்கின்றன. நான் மிதிக்கும் ஜாலான் ஈப்போவின் ஓரத்தில், சமிக்ஞை விளக்குக்காக நிற்கும் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் என் மூக்கு எதை இழுக்கிறது என்பதை அவை சொல்ல முடியாது. பெரிய சாலையை விட்டு நூறு, இருநூறு மீட்டர் உள்ளே தள்ளிப் போனாலே வாகனப் புகையின் அளவு வெகுவாகக் குறைகிறது என்பது பல நகரங்களில் அளந்து பார்க்கப்பட்ட உண்மை. ஆகவே வெளியே போகாதே என்று சொல்வதற்கு முன், எந்த வழியாகப் போனால் புகை குறைவு என்று சொல்லலாம். மாநகர் மன்றம் சௌகிட், புடு, பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் போன்ற நடையாளர் நிறைந்த இடங்களில் சாலையோரத்தில் சிறு கருவிகளை வைத்து, அந்த அளவுகளின்படி உள் தெருக்களில் நடைவழியையும் மிதிவண்டி வழியையும் குறித்துத் தரலாம். 2015இல் டத்தாரான் மெர்டேக்காவிலிருந்து மிட்வேலி பக்கம் போகும் மிதிவண்டிப் பாதையைத் திறந்தீர்கள். பின்னர் நகர மையத்தில் நீலப் பாதைகளை வரைந்தீர்கள். அந்தப் பாதைகளை நான் நன்றியோடு பயன்படுத்துகிறேன். அவற்றுள் பல பெரிய சாலையின் ஓரத்தோடு ஒட்டியே போகின்றன என்பதையும், செந்தூல் வரை ஒன்றும் வரவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடக் கடமைப்பட்டிருக்கிறேன்.

“மிதிவண்டி ஓட்டி நுரையீரலைக் கெடுத்துக்கொள்கிறீர்களே” என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையில் 2016இல் வெளியான ஒரு கணக்கு இதற்குப் பதில் தருகிறது. காற்றில் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 22 மைக்ரோகிராம் உள்ள நகரத்தில், நடப்பதாலும் மிதிப்பதாலும் கிடைக்கும் நன்மை, காற்றால் வரும் தீமையைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கிறது. அந்தச் சராசரி 100 மைக்ரோகிராமாக ஏறினால்தான், நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதிப்பவருக்குத் தீமை மிஞ்சுகிறது. இது நலமாக உள்ள பெரியவர்களுக்கும் நீண்ட காலச் சராசரிக்கும் போட்ட கணக்கு. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கோ, புகை கடுமையான ஒரு நாளுக்கோ இதைப் பொருத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளுக்கு ஒரு நாள் வரம்பாக 15 மைக்ரோகிராமை வகுத்திருக்க, நம் நாட்டின் தர அளவு 35ஆக இருக்கிறது. நம் காற்று நன்றாக இருக்கிறது என்று யாரையும் நம்பவைக்க நான் இதை எழுதவில்லை. ஐபியூ மிதம் என்று காட்டும் சாதாரண நாள்களில் அரைமணி நேரம் நடந்தால் நல்லதுதான் என்ற செய்தியும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். எச்சரிக்கை மட்டுமே வந்துகொண்டிருந்தால், வெளிக்காற்று என்றாலே ஆபத்து என்று மனத்தில் பதிந்து, ஐபியூ 60 உள்ள நாளிலும் பிள்ளையைக் காரில்தான் ஏற்றுகிறார்கள்.

சாலையை நோக்கிப் பேசுங்கள் என்று நான் கேட்பது புதிய யோசனை அல்ல. பாரிஸ் நகரத்தில் காற்று கெடும் நாள்களில் புகை அதிகம் விடும் பழைய வாகனங்களை உள்ளே விடாமல் நிறுத்துகிறார்கள், வேக வரம்பைக் குறைக்கிறார்கள், அந்த நாளுக்கென்று குறைந்த விலைப் பயணச்சீட்டுத் தருகிறார்கள். தென்கொரியாவின் சியோல் 2018 ஜனவரியில் பேருந்தையும் ரயிலையும் இலவசமாக விட்டுப் பார்த்தது. செலவு மிக அதிகம், சாலையில் வாகனங்கள் குறைந்ததோ மிகக் கொஞ்சம், சீக்கிரமே கைவிட்டார்கள். இலவசம் மட்டும் போதாது, கார் எடுப்பதையும் அன்று கொஞ்சம் கடினமாக்க வேண்டும் என்பதே அங்கிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். மாதம் 50 ரிங்கிட் பயண அட்டை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியதெல்லாம், எண் 100ஐத் தாண்டிய நாளில் நிலையங்களுக்குப் போகும் இணைப்புப் பேருந்துகள் அடிக்கடி வருவதும், அவை நெரிசலில் சிக்காமல் ஓடத் தனி வழி காலியாக இருப்பதும்தான். அவை உங்கள் கையில் நேரடியாக இல்லை என்றால், கையில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசி முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் வாகனப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை மக்கள்தொகையையே தாண்டிவிட்டது. 2030க்குள் நகரத்தின் கரிமச் செறிவை, அதாவது பொருளாதார உற்பத்தியோடு ஒப்பிட்ட கரிம வெளியீட்டை, 2010ஆம் ஆண்டு அளவிலிருந்து 70 விழுக்காடு குறைப்போம் என்று மாநகர் மன்றமே திட்டம் வகுத்திருக்கிறது. அப்படியிருக்க, புகைமூட்ட நாளில் நடப்பவரைக் காருக்குள் தள்ளும் ஓர் அறிவுரை அந்தத் திட்டத்துக்கே எதிராகப் போகிறது.

எல்லாவற்றையும் நாளைக்கே செய்யுங்கள் என்று கேட்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அடுத்த புகைமூட்டக் காலத்துக்கு முன் செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்: பள்ளி வாசல். எண் 100ஐத் தாண்டிய நாளில் பள்ளி வாசலைச் சுற்றி நூறு மீட்டருக்குள் நிற்கும் எந்த வாகனமும் இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும், முடிந்த இடங்களில் கார்கள் அடுத்த தெருவிலேயே நின்றுகொள்ள வேண்டும், அந்தக் கடைசி நூறு மீட்டரைப் பிள்ளைகள் ஆசிரியர் ஒருவரோடு வரிசையாக நடந்து கடக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பலகை, இரண்டு கூம்புகள், முதல் வாரத்தில் ஓர் அமலாக்க அதிகாரி, எச்சரிக்கைச் செய்தியின் இறுதியில் ஒரு வரி. வெளிப்புற நடவடிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு அடுத்த வரியாக, “காத்திருக்கும்போது இயந்திரத்தை அணைத்துவிடுங்கள், முடிந்தால் இன்று காரை எடுக்காதீர்கள்” என்று வந்தால் போதும்.

தைப்பூசத்தை ஒட்டி வெள்ளித் தேர் ஜாலான் ஈப்போ வழியாகப் பத்துமலைக்குப் போகும்போது, அதே சாலை வாகனங்களுக்கு மூடப்படுகிறது. ஏறத்தாழ 15 கிலோமீட்டரை மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அந்தச் சாலையை நடப்பவர்களுக்கு விட்டுத்தர இந்த நகரத்துக்குத் தெரியும் என்பதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

என் அக்காள் மகனின் தங்கை இப்போது அதே பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கும் இழுப்பு உண்டு. உங்கள் அதிகாரிகளில் யாராவது மதியம் ஒரு மணிக்கு அந்த வாசலில் வந்து நின்று பார்க்க விரும்பினால், நான் கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு உடன் வருகிறேன். ஜூன் மாதம் வறண்ட காற்று தொடங்குவதற்கு முன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பணிவுடன்,
செந்தூலில் வசிக்கும் மிதிவண்டிக்காரன்